துணியில் கறுப்பு நூல்

அத்தியாயம் 9

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு விஜிலா தன் மகளின் அழுக்குத் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சளுக்கு நடுவே கறுப்பாக, மெலிதாக, நூல் நூலாக ஏதோ கிடந்தது. ஒன்றிரண்டு அல்ல, ஏழெட்டு. ஈர்க்குச்சியால் ஒன்றை இழுத்துப் பார்த்தாள். பாதியில் அறுந்தது.

போன புதன்கிழமையும் இதேபோல இரண்டு மூன்று கண்ணில் பட்டன. பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த துணி, அதிலிருந்து பிரிந்த நூலாக இருக்கும் என்று அலசிப் போட்டுவிட்டாள். ஆனால் வெள்ளை வேட்டியிலிருந்து கறுப்பு நூல் எப்படிப் பிரியும்? அந்தக் கேள்வி அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றியது.

பூச்சியா? ஆறு மாதப் பிள்ளைக்குப் பூச்சியா?

ரியோனா பாயில் மல்லாந்து கிடந்து, தன் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்து வாய்வரை கொண்டுபோய், கடைசி நொடியில் நழுவவிட்டு, மறுபடி இழுத்துக்கொண்டிருந்தாள். பிறந்து ஆறு மாதமும் பத்து நாளும் ஆகிறது. இதுவரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் அவள் வாய்க்குள் போனதில்லை. தண்ணீர்கூட.

டாக்டர் சொன்ன கெடு ஆறு மாதம்தான். மேற்கொண்டு போன பத்து நாள் அந்தோணியார் கணக்கு.

தொடர்ந்து வாசித்துவருகிறவர்களுக்கு அந்த நேர்ச்சை மறந்திருக்காது. இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போன பிறகு, மூன்றாவது முறை மூன்று மாதம் கட்டிலைவிட்டு இறங்காமல் கிடந்தபோது, விஜிலா தன் புருஷன் ஊரான கீழவைப்பாரின் குகைபோல் கட்டிய அந்தோணியார் கெபியை மனசில் நினைத்துக்கொண்டு சொன்னாள்: ‘இந்தப் பிள்ளையை முழுசாக என் கையில் கொடுத்துவிடும். அது வாயில் விழுகிற முதல் சோறு உம்முடைய திருவிழா அசனச் சோறாக இருக்கும்.’

ஊரே கூடிப் பெரிய கிடாரங்களில் பொங்கி, எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்ணும் அசனம். ஜூன் பதின்மூன்றாம் தேதி. இன்றைக்கு மூன்று. அதற்கு முன்னால் பதின்மூன்று செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்று ஜெபம் சொல்வதும் நேர்ச்சையில் சேர்த்தி. நேற்றோடு பன்னிரண்டு முடிந்தது.

இன்னும் பத்து நாள்தான் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தவளுக்குத்தான் இந்தக் கறுப்பு நூல்.

“ஏங்க!” என்று கூப்பிட்டாள்.

மாமியார் கிளாடிஸ்தான் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“மெல்வின் அப்பவே போயிட்டான்ளா. பைக்க சர்வீசுக்கு விடணுமாம். காப்பிகூட வேண்டாம்னுட்டான்.”

“காப்பி வேண்டாம்னா? இவியளா?”

“அதான் எனக்கும் அதிசயமா இருக்கு. நீ என்னத்தளா வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்க? நாத்தம் குசினி வரைக்கும் வருது.”

விஜிலா காட்டினாள். கிளாடிஸ் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை.

“இன்னைக்கு ஊசி போடத்தான போற? டாக்டரம்மாட்டயே காட்டு” என்றாள். அவ்வளவுதான். தும்மினால்கூடக் கஷாயம், பெருமூச்சு விட்டால்கூடச் செபமாலை என்று எதற்கும் ஒரு வைத்தியம் வைத்திருக்கிற மாமியார், இதற்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குத் திரும்பியது விஜிலாவின் மனசில் ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டது.

துணியைச் சுருட்டிப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் போட்டு, ஒரு துணிக்கடைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆட்டோக்காரர் கேட்டார், “என்னம்மா, மீனா?”

“அதைவிட முக்கியம், அண்ணாச்சி. மெதுவாப் போங்க.”

* * *

டாக்டர் ஷெர்லி நாசரேத்துக்காரர். கெட்டிக்காரர், பொறுமைசாலி, ஆனால் பொய் சொன்னால் மட்டும் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார்.

“ட்ரெஸ்ஸை எல்லாம் கழற்றிடுங்க. கொலுசையும்தான்.”

தராசில் ரியோனாவைக் கிடத்தினார்கள். சிவப்பு எண்கள் ஓடி, தடுமாறி, நின்றன. ஆறு கிலோ ஐநூறு.

டாக்டர் பச்சை அட்டையைப் பிரித்தார். பிறந்ததிலிருந்து மாதாமாதம் வைத்த புள்ளிகள் ஒரு கோடாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. இன்றைய புள்ளியை வைத்து, போன புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுத்தார். ஏறிக்கொண்டிருந்த கோடு படுத்துக்கொண்டது.

“போன தடவை ஆறு முந்நூற்றைம்பது. நாற்பது நாளில் நூற்றைம்பது கிராம்தான் ஏறியிருக்கு. நான் ஆறு மாசம் முடிஞ்சதும் சாப்பாடு ஆரம்பிக்கச் சொன்னேனே, என்ன கொடுக்கிறீங்க?”

விஜிலா கொலுசைக் கையில் வைத்து உருட்டினாள்.

“இன்னும் ஆரம்பிக்கல, டாக்டர்.”

கண்ணாடிக்கு மேலே பார்வை வந்தது. பொய் இல்லை என்று தெரிந்ததும் இறங்கியது. “ஏன்?”

சொன்னாள். இரண்டு குழந்தைகள் போனதிலிருந்து அசனம் வரைக்கும். முடிந்ததும் டாக்டர் அட்டையை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“நான் சி.எஸ்.ஐ., எங்க சபைல புனிதர்களை வேண்டுறதில்ல. அந்தோணியார்கிட்ட எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. நேர்ச்சை உங்களுடையது, அதுல நான் கை வைக்க மாட்டேன். ஆனா எடை இவளுடையது. உங்க பாலுக்கு ஒரு குறையும் இல்ல. இந்த வயசுக்கு அது மட்டும் போதாது, அவ்வளவுதான். உங்க வயித்துல இருந்தப்போ வாங்கி வச்ச இரும்புச்சத்தும் இப்போ தீர ஆரம்பிக்கும். பத்து நாள் பெரிய விஷயமான்னு கேட்டா, உங்களுக்கு இல்ல. இவளோட வயசே நூத்துத் தொண்ணூத்தி சொச்சம் நாள்தான்.”

விஜிலா அவசரமாகப் பையை எடுத்தாள். “இன்னொன்னு, டாக்டர். இவளுக்கு வயித்துல பூச்சி இருக்குமோன்னு…”

கவருக்குள் கவரைப் பிரித்தபோது, பக்கத்தில் நின்ற நர்ஸ் நாசூக்காக ஃபேனைக் கூட்டினாள்.

டாக்டர் இடுக்கியால் ஒரு நூலை எடுத்து ஈரப் பஞ்சில் வைத்து விரித்தார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது.

“வாழைப்பழம்.”

“என்ன?”

“பூச்சியுமில்ல, ஒண்ணுமில்ல. வாழைப்பழத்துக்கு நடுவுல மெல்லிசா நரம்பு மாதிரி ஓடும் பாருங்க, சின்னப் பிள்ளைங்க வயித்துல அது செரிக்காம இப்படிக் கறுப்பு நூலா வெளிய வரும். மாசத்துக்கு ரெண்டு அம்மாவாவது இதைப் பார்த்துட்டு அழுதுகிட்டு வருவாங்க.”

“நான்தான் ஒண்ணுமே குடுக்கலையே!”

“நீங்க கொடுக்கல” என்றார் டாக்டர்.

ரியோனா ‘பூ’ என்று எச்சிலில் குமிழி விட்டாள்.

டாக்டருக்கே ஆவல் வந்துவிட்டது போலிருந்தது. தட்டிலிருந்து சுத்தமான ஒரு சின்னக் கரண்டியை எடுத்தார். வெறும் கரண்டி. ரியோனாவின் முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் காட்டினார்.

ரியோனா கையைக் காலை ஆட்டுவதை நிறுத்தினாள். கண் கரண்டியைப் பற்றிக்கொண்டது. உடம்பை முன்னால் தள்ளினாள். கரண்டி உதட்டைத் தொடுவதற்கு முன்பே வாய் ஆவென்று திறந்தது. உள்ளே போனதும் உதட்டை மூடி, ‘சர்’ரென்று ஒரு இழு. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் டாக்டரை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, மோசடி செய்துவிட்டாய் என்கிற பார்வை.

நர்ஸ் சிரித்துவிட்டாள்.

“முதன்முதலாக் கரண்டியைப் பார்க்கிற பிள்ளை நாக்காலே வெளிய தள்ளும்” என்றார் டாக்டர். “இவ உதட்டை மூடி இழுக்கிறா. இவளுக்குக் கரண்டி பழக்கம். ஒரு தடவை இல்ல, ரெண்டு மூணு தடவையாவது பார்த்திருக்கா. வீட்ல யார் யார் இருக்கீங்க?”

“நான், எங்க வீட்டுக்காரர், மாமி.”

“அப்போ கண்டுபிடிக்கிறது கஷ்டமில்ல.” ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டே சொன்னார். “கண்டுபிடிச்சா ரொம்பத் திட்டாதீங்க. இன்னைக்கே ஆரம்பிங்க. அரிசியும் பருப்பும் நல்லாக் குழைய வச்சு, ஒரு சொட்டு நெய் விட்டு, கெட்டியா. கரண்டியைச் சாய்ச்சா ஒழுகக் கூடாது. உப்பு, சீனி, தேன் எதுவும் வேண்டாம். ரெண்டு மூணு கரண்டி, ஒரு நாளைக்கு ரெண்டு வேளை. பாலையும் நிறுத்தக் கூடாது. பதினஞ்சு நாள் கழிச்சு எடை பார்க்கணும்.”

ஊசி இறங்கியது. ரியோனா மூச்சை உள்ளே இழுத்து, அரை நிமிஷம் யோசித்து, பிறகு மருத்துவமனையே அதிரும்படி வீறிட்டாள். தொடையில் ஒரு வட்டப் பிளாஸ்திரி ஒட்டினார்கள்.

* * *

ஆட்டோவில் வரும்போது விஜிலா யோசித்தாள்.

துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீசில் அவளுக்கு வேலை. இப்போது பிரசவ விடுப்பு. கொழும்புக்குப் போக வேண்டிய கன்டெய்னர் சிங்கப்பூரில் போய் நின்றால், எந்த யார்டில், எந்தக் கை மாறியபோது தப்பு நடந்தது என்று தேடிப் பிடிப்பதில் ஆபீசில் அவளுக்கு நல்ல பெயர். அவளுக்கே தெரியாமல் அவள் வீட்டுக்குள் ஒரு வாழைப்பழம் கைமாறியிருக்கிறது!

யார்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது. நேர்ச்சையைக் கேட்ட நாளிலிருந்தே முகத்தைத் தூக்கியவள் கிளாடிஸ். ‘மெல்வினுக்கு நாலு மாசத்துலயே பனங்கற்கண்டும் பழமும் மசிச்சுக் குடுத்தேன், அவன் என்ன நோஞ்சானாவா இருக்கான்?’ என்று நூறு தடவை சொன்னவள். காலையில் துணியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பியவள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கிளாடிஸ் பின்வாசலில் சாளை மீன் அலசிக்கொண்டிருந்தாள். தோளில் தூங்கும் பிள்ளையோடு விஜிலா நேராக அங்கே போய் நின்றாள்.

“பிள்ளைக்கு வாழப்பழம் குடுத்தியளா மாமி?”

கிளாடிஸின் கை நின்றது. “என்னது?”

“அது பூச்சியில்லயாம். வாழப்பழ நாராம். நான் குடுக்கல. வேற யாரு குடுப்பா?”

“வேற யாரு குடுப்பா, மாமியாக்காரிதான் குடுப்பா. அப்படித்தான?” கிளாடிஸ் மீனைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்தாள். ஐந்தடிதான் உயரம். ஆனால் கோபத்தில் எழுந்தால் வீட்டு நிலைப்படிவரை தெரிவாள். “ஏளா, குடுக்கணும்னு எனக்கு ஆசை இருந்துச்சு. இல்லன்னு சொல்லல. தினமும் அது என் வாயவே பாத்துக்கிட்டு இருக்கும்போது சோறு எறங்காம எத்தன நாள் பாதியில எந்திரிச்சிருக்கேன் தெரியுமா? ஆனா குடுக்கல. நேர்ச்சை உன்னுது. கஷ்டப்பட்டுப் பெத்தவ நீ. அதுக்கு மேல நான் கை நீட்ட மாட்டேன்.”

“பின்ன காலைல ஏன் ஒண்ணும் சொல்லல? பாத்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“தெரிஞ்சுது. நாலு பிள்ள வளத்தவளுக்குத் தெரியாதா? நீதான் திருட்டுத்தனமாக் குடுத்திருக்கன்னு நெனச்சேன். நேர்ச்சைய முறிச்சிட்டு என்கிட்டச் சொல்லக் கூச்சப்படுதன்னு நெனச்சேன். அதான் காணாத மாதிரிப் போனேன்.”

காலையிலிருந்து மாமியார் மருமகளைத் திருடி என்று நினைத்திருக்கிறாள்; ஆட்டோவில் வரும் வழியெல்லாம் மருமகள் மாமியாரை அப்படி நினைத்திருக்கிறாள்.

“எப்பப்ப வந்துச்சு அந்த நாரு?” என்றாள் கிளாடிஸ், குரலை இறக்கி.

“போன புதன்கிழமை காலைல. இன்னைக்குக் காலைல.”

“அப்பம் முந்தின நாள் சாயங்காலம் குடுத்திருக்கணும். செவ்வாக்கிழமை.”

“ஆமா.”

“செவ்வாக்கிழமை சாயங்காலம் நான் எங்கன இருந்தேன்?”

விஜிலா சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிளாடிஸ் கோயிலில் இருந்தாள். முட்டி வலியோடு, அவளுக்குப் பக்கத்திலேயே, முழங்காலில். வாரத்தில் அந்த ஒன்றரை மணி நேரம்தான் இரண்டு பெண்களும் ஒருசேர வீட்டில் இல்லாத நேரம்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

“சவத்து மூதி” என்றாள் கிளாடிஸ், தான் பெற்ற மகனைப் பற்றி. ஆனால் அவள் வாயோரம் துடித்தது கோபத்தால் மட்டும்தானா என்று விஜிலாவுக்குச் சந்தேகம்.

* * *

மெல்வின் வந்தபோது மணி பன்னிரண்டரை. எண்ணெய்க் கப்பலில் ஃபிட்டர். ரியோனா பிறந்தபோது நடுக்கடலில் இருந்தான். மகளை முதலில் பார்த்தது போன் திரையில். ஜனவரியில் வீட்டுக்கு வந்தவன், அன்றிலிருந்து பிள்ளையின் துணி துவைப்பதிலிருந்து தாலாட்டுவது வரை ஒன்றையும் விடுவதில்லை. பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்தான்.

“என்ன, ரெண்டு பேரும் சேந்து உக்காந்திருக்கிய? ஊசி போட்டாச்சா? அழுதாளா?”

“எங்க போயிட்டு வாரிய?” என்றாள் விஜிலா.

“சர்வீசுக்குத்தான். அம்மா சொல்லலியா?”

“சர்வீஸ் முடிஞ்ச பைக்குல டயரெல்லாம் சேறா இருக்கே. சரி, அது கெடக்கட்டும். பிள்ளைக்கு என்ன வாழப்பழம் குடுத்திய? கோழிக்கூடா, நாட்டுப்பழமா?”

சாவி சுழல்வது நின்றது.

மெல்வின் அம்மாவைப் பார்த்தான். கிளாடிஸ் கூரையைப் பார்த்தாள். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் அவன் பின்னந்தலையைச் சொறியக் கையைத் தூக்கினான். அரைக்கைச் சட்டை. முழங்கையின் உட்புறத்தில், மடிப்பில், பஞ்சு வைத்து ஒட்டிய வட்டப் பிளாஸ்திரி.

சற்று முன் ரியோனாவின் தொடையில் ஒட்டியதும் அதே மாதிரி வட்டம்தான்.

வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால், ‘உடம்புக்கு என்ன?’ என்று கேட்டிருப்பாள். கப்பல்காரன் வீட்டுப் பெண் அப்படிக் கேட்பதில்லை. காலையில் காப்பி குடிக்காமல் போவதற்கும் ரத்தம் எடுப்பதற்கும் அந்த வீடுகளில் ஒரே அர்த்தம்தான்: கப்பல் ஏறுவதற்கு முன் எடுக்கும் உடல் பரிசோதனை.

“மெடிக்கலா?” என்றாள் விஜிலா. குரல் தனக்கே கேட்காத மாதிரி வந்தது.

மெல்வின் கையை இறக்கினான். “ம்.”

“எப்பம்?”

“திங்கக்கிழமை ஃபிளைட்டு. எட்டாம் தேதி.”

“எட்டா? பதிமூணாம் தேதி அசனம்!”

“அதான்” என்றான். “அதான் குடுத்தேன்.”

அவன் பிள்ளையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். “ஒன்பது மாசக் கான்ட்ராக்ட், விஜி. திரும்பி வரும்போது இவ மீனுக்கு முள் எடுத்துத் தின்பா. பொறந்தத போன்ல பாத்தேன். குப்புற விழுந்தது ஒண்ணுதான் நேர்ல பாத்தேன், அதுவும் நான் குளிச்சிட்டு வாரதுக்குள்ள பாதி முடிஞ்சிருச்சு. எனக்கு முதல் சோறு ஊட்டும்போது எங்கப்பா பம்பாய்ல டாக் யார்டுல நின்னாரு. கேட்டுப் பாரு அம்மாகிட்ட. முதல் வாய் ஒண்ணு மட்டும் நேர்ல பாத்துட்டுப் போயிருவோம்னு நெனச்சேன். ஆறு மாசம் முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சுத்தான் குடுத்தேன். டாக்டர் சொன்னதத் தாண்டல.”

“நேர்ச்சை?”

“சோறுதான நேந்த? பழத்த நேரலயே.” சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். அந்த வக்கீல் பேச்சு அவனுக்கே சகிக்கவில்லை.

“ஒரு வாய்னா, எதுக்கு ரெண்டு செவ்வாய்?”

“முதல் செவ்வா பாதியத் துப்பிட்டாளே! அது கணக்குல வராதுல்லா?”

கிளாடிஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வீடியோ எடுத்திருக்கேன்” என்று மெல்வின் போனை நீட்டினான்.

விஜிலா வாங்கினாள். நாற்பது நொடி. திரையில் ரியோனா. கழுத்தில் மெல்வினின் பெரிய லேஞ்சிக் கைக்குட்டையைக் கட்டி, கப்பல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த கேப்டன் மாதிரி. கரண்டி வருகிறது. நாக்கால் தள்ளுகிறாள். மூக்கைச் சுருக்குகிறாள். உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு. பிறகு நாக்கை வெளியே நீட்டி, உதட்டில் ஒட்டியதை நக்கி, கண்ணை அகல விரிக்கிறாள். ‘ஏய், இது என்னது!’ என்று பேச்சு வராமல் சொல்கிற முகம்.

விஜிலா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்து வழிந்தது.

“நான்தானய்யா இங்கன இருக்கேன்” என்றாள். “ராத்திரி பகலா நான்தான இருக்கேன். எங்கயும் போகல. என் பிள்ளையோட முதல் வாய நான் போன்ல பாக்கேன்.”

இந்த விஷயத்தில் வீட்டுக்கு வெளியே நின்று பார்ப்பது எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் மெல்வினைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

* * *

விஜிலா முகத்தைக் கழுவிக்கொண்டு குசினிக்குள் போனாள். இரண்டு கரண்டி பச்சரிசி, ஒரு கரண்டி பாசிப்பருப்பு. கழுவிச் சின்னக் குக்கரில் வைத்தாள். ஐந்து விசில்.

“ஏளா, என்ன செய்யுத?” கிளாடிஸ் வாசலில் நின்றாள்.

“கோடு படுத்திருச்சு மாமி. அட்டையில பாத்தேன்.” விஜிலா திரும்பவில்லை. “ரெண்டு பிள்ள போனப்ப நான் நேர்ந்தது பயத்துல. இவ பசிச்சுக் கெடக்கணும்னு நான் நேரல. பதிமூணாம் தேதி அசனத்துக்குப் போவேன். போயி நேரா நின்னு சொல்லுவேன், நான்தான் முந்திக்கிட்டேன்னு. என்ன தண்டனையோ எனக்குக் குடுக்கட்டும்.”

கிளாடிஸ் அருகில் வந்து, அலமாரியிலிருந்து நெய்ச் செம்பை எடுத்து வைத்தாள்.

“ஒரு தண்டனையும் இல்ல. அந்தோணியாரு சிலையில கையில ஒரு பிள்ளைய வச்சுக்கிட்டுத்தான நிக்காரு? பிள்ள வச்சிருக்கவருக்குப் பிள்ளப் பசி தெரியாமலா இருக்கும்?”

விசில் அடங்கியது. விஜிலா சோற்றைக் கரண்டியால் மசித்தாள். சாய்த்துப் பார்த்தாள். ஒழுகவில்லை. ஒரு சொட்டு நெய்.

கூடத்தில் ரியோனா விழித்து, அப்பா மடியில் உட்கார்ந்திருந்தாள். விஜிலா கிண்ணத்தோடு எதிரே உட்கார்ந்ததும் மெல்வின் பிள்ளையைத் தூக்கி நீட்டினான்.

“நீயே குடு. நான் அங்குட்டுப் போறேன்.”

“ஒண்ணும் போக வேண்டாம். ஆடாமப் பிடிச்சுக்கிடுங்க. பிடிக்கதுக்கு ஆள் வேணும்.”

அவன் பிடித்துக்கொண்டான். விஜிலா சிலுவை போட்டுக்கொண்டு, கரண்டியை நீட்டினாள்.

ரியோனா கரண்டியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். இந்தக் கையில் இந்தச் சாமானை அவள் இதுவரை பார்த்ததில்லை. ஒரு நொடி சந்தேகம். பிறகு முன்னால் சாய்ந்து, ஆவென்று திறந்து, ஒரே இழுவையில் உள்ளே வாங்கினாள். பழத்தின் இனிப்பு இல்லை. நெற்றி சுருங்கியது. வாய்க்குள் அங்குமிங்கும் உருட்டி விசாரணை நடத்தினாள். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

விழுங்கினாள்.

உள்ளங்கையால் மெல்வினின் தொடையில் ஓங்கி ஓர் அடி. அடுத்தது எங்கே என்று அதற்கு அர்த்தம்.

“அம்மாடி, ராங்கியப் பாரு!” என்று கிளாடிஸ் கைதட்டினாள். மெல்வினுக்குச் சிரிப்பில் தோள் குலுங்கியது. விஜிலா இரண்டாவது கரண்டியை ஊட்டினாள். மூன்றாவதுக்குக் கிண்ணத்தை மெல்வினிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

“இத நீங்க ஊட்டுங்க. நான் எடுக்கேன்.”

அவன் போன் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. நல்ல வெளிச்சத்தில் நான்கைந்து படம் எடுத்தாள். டாக்டருக்கு அனுப்பலாம் என்று நினைத்தபோது, மேலே ஒரு மெயில் வந்து விழுந்தது. ‘மெடிக்கல் ரிப்போர்ட் கிடைத்தது. நன்றி.’ கம்பெனியிலிருந்து.

விமான நேரத்தைக் குறித்துக்கொள்ளலாமே என்று திறந்தாள். ஒரு மெயிலுக்குக் கீழே இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று என்று பத்துப் பதினைந்து கோத்துக் கிடந்தன. எட்டாம் தேதி டிக்கெட். அதற்கு முந்தினது, மெடிக்கல் எங்கே எடுக்க வேண்டும் என்ற விவரம். விரல் கீழே தள்ளிக்கொண்டே போனது.

கடைசியில், மே மாதம் பதினான்காம் தேதியிட்ட ஒரு கடிதத்தில் நின்றது. அவள் இரண்டு முறை வாசித்தாள்.

‘தங்களுக்கு ஜூன் இருபத்தைந்து என்று தேதி குறித்திருந்தோம். தாங்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, அதை ஜூன் எட்டாக முன்னால் கொண்டுவந்துள்ளோம்.’

இருபத்தைந்து. அசனம் முடிந்து பன்னிரண்டு நாள் கழித்து. முதல் சோறு, திருவிழா, எல்லாவற்றையும் கூடவே இருந்து பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். கம்பெனி அவசரப்படுத்தவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. கேட்டது இவன்தான்.

முதல் வாயைப் பார்க்க முடியாதே என்று களவாகப் பழம் ஊட்டியவன், பதினேழு நாள் முன்னதாகப் போகிறேன் என்று எதற்குத் தானாகக் கேட்டு வாங்கினான்?

விஜிலா வாசல்படியருகே நின்றபடி கூடத்தைப் பார்த்தாள். மெல்வின் மகளின் மோவாயில் ஒட்டிய பருக்கையைச் சுண்டுவிரலால் வழித்து, அவள் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

“ஏங்க” என்றாள். “இங்கன கொஞ்சம் வாங்க.”

“இரு விஜி” என்றான் அவன், திரும்பாமல். “இன்னும் ஒரு வாய் கேக்கா.”